வாங்கிய வீட்டுக்குப் பழைய வரி பாக்கி, வாசலில் நோட்டீஸ்

மேட்டுத்தெரு:
ஆறு மாதம் முன்பு ஒரு நகராட்சி எல்லைக்குள் பழைய ஓட்டு வீடு வாங்கினேன். 30 வருட வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், சுத்தம். இப்போது வரி ரசீதில் பெயர் மாற்றப் போனால், பழைய உரிமையாளர் ஆறு அரையாண்டு சொத்து வரி கட்டவில்லை என்கிறார்கள். நேற்று கேட்டில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்: 15 நாளில் கட்டாவிட்டால் ஜப்தி, குடிநீர் இணைப்பும் துண்டிக்கப்படும். யாரோ வைத்த பாக்கியை நான் ஏன் கட்ட வேண்டும்?

முன்னாள் பில் கலெக்டர்:
தம்பி, வருத்தமான பதில்தான், நீங்கள்தான் கட்ட வேண்டும். சொத்து வரி பாக்கி அந்தச் சொத்தின் மேலேயே நிற்கும், பத்திரம் யார் பெயருக்கு மாறினாலும் கூடவே வரும். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் தெரியும், வரி பாக்கி தெரியாது, இதில்தான் நிறைய பேர் மாட்டுகிறார்கள். வட்டி மாதம் 1 சதவீதம், வட்டிக்கு வட்டி கிடையாது. அரையாண்டு வரி 1,400 என்றால் ஒவ்வொரு பாக்கிக்கும் மாதம் 14 ரூபாய் ஏறும், ஆறுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள், பில்லில் அதற்கு மேல் இருந்தால் விவரம் கேளுங்கள். ஜப்தி என்று நோட்டீஸில் இருந்தாலும் குடியிருக்கும் வீட்டில் சாமானைத் தூக்குவதை என் சர்வீஸில் ஒன்றிரண்டு தடவைதான் பார்த்தேன். கடை என்றால் சீல், வீடு என்றால் தண்ணீர், அதுவும் மார்ச் 31 நெருங்க நெருங்க.

கிணற்றடி:
தண்ணீர் விஷயத்தை லேசாக எடுக்காதீர்கள். எங்கள் வாசலில் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி, குழாயைக் கழற்றி மூடி போட்டு மண்ணைத் தள்ளிவிட்டுப் போனார்கள். பாக்கியை மறுநாளே கட்டியும், மறு இணைப்புக் கட்டணம், அப்புறம் ஆள் வரவில்லை என்று ஒன்பது நாள், அம்மா எதிர்வீட்டிலிருந்து குடம் குடமாகச் சுமந்தார். மூன்று வருடம் ஒரு சீட்டுகூடக் கொடுக்காமல் கடைசியில் இப்படி வந்து நிற்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. வருடா வருடம் கேட்டிருந்தால் கட்டியிருப்போமே.

மேட்டுத்தெரு:
நன்றி ஐயா. விற்றவரிடம் கேட்க வழி இருக்கிறதா?

முன்னாள் பில் கலெக்டர்:
கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். கிரய தேதி வரையுள்ள வரி வகையறாவுக்கு விற்பவரே பொறுப்பு என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். முதலில் கட்டி ரசீது வாங்குங்கள், அதைக் காட்டி அவரிடம் கேளுங்கள், மசியாவிட்டால் வக்கீல் நோட்டீஸ். குடிநீர்க் கட்டணத்துக்கும் பாதாளச் சாக்கடைக்கும் தனித்தனி எண், அந்தப் பாக்கியையும் இப்போதே கேட்டுவிடுங்கள். மேலே அந்தத் தம்பி சொன்னது நியாயம்தான், சீட்டைக் கையில் கொடுத்திருக்க வேண்டும். இனிமேல் ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகையும் கழியும்.