தன்பால் வேட்கைக் கலை: ஒரு சொல் முன்மொழிவு

வணக்கம்.

ஒரே பாலினத்தவர் மீதான வேட்கையைக் காட்டும் கலையை ஆங்கிலத்தில் 'homoerotic art' என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற உரையாடலில் வந்த 'ஓரினச்சேர்க்கைக் கலை' என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. சேர்க்கை என்பது ஒரு செயல். இந்தக் கலையின் முன்னோடியான அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பாப் மைசர் எடுத்த படங்கள் பலவற்றில் ஒரே ஒரு இளைஞன்தான் நிற்கிறான். அங்கே எந்தச் சேர்க்கை?

'தன்பாலீர்ப்புக் கலை' இதைவிட மேல். ஆனால் ஈர்ப்பு என்பது ஆளின் இயல்பு. மைசர் 1945-இல் லாஸ் ஏஞ்சலிஸில் 'அத்லெட்டிக் மாடல் கில்ட்' என்ற ஒளிப்பட நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் முன் நின்றவர்களில் உடற்கட்டு வீரர்களும் படையிலிருந்து திரும்பியவர்களும் உண்டு; பெண்களை விரும்பியவர்களும் நிறைய. அவர்கள் எல்லோர் மீதும் நாம் ஒரு முத்திரை குத்தக்கூடாது. வேட்கை இருந்தது எடுத்தவரின் கண்ணிலும், தபாலில் வரவழைத்துப் பார்த்தவரின் கண்ணிலும்.

அதனால் என் பரிந்துரை: தன்பால் வேட்கைக் கலை. சங்கப் பாடல்களிலிருந்து இன்றுவரை புழங்கும் சொல் வேட்கை. 'காமம்' திருக்குறளில் பெருமையோடு நின்றாலும், இன்றைய பேச்சில் வசையாகிவிட்டது. மைசர் மீது வீசப்பட்டதும் அதே வசைதான். ஆபாசப் பொருளைத் தபாலில் அனுப்பியதாக அவர் தண்டிக்கப்பட்டார். நம் சொல்லும் அந்தத் தீர்ப்பைத் திரும்ப எழுதக்கூடாது.

1951-இல் மைசர் 'ஃபிசிக் பிக்டோரியல்' இதழைத் தொடங்கினார். வெளிப்பார்வைக்கு அது உடற்பயிற்சி இதழ். அந்தப் போர்வை இல்லாமல் அன்றைய அமெரிக்கத் தபாலில் அது போய்ச் சேர்ந்திருக்காது. இந்த வகைக்கு 'உடற்கட்டு இதழ்' என்றே வைக்கலாம். வேட்கையை மறைத்த பெயர் அது, அந்த மறைப்பும் வரலாறுதான். ஆண்களின் வேட்கையை வரைந்த ஃபின்லாந்து ஓவியரின் புனைபெயரான 'டாம் ஆஃப் ஃபின்லாந்து' உலகுக்கு அறிமுகமானது 1957-இல், இந்த இதழில்தான். ஓவியர் டேவிட் ஹாக்னியும் இங்கிலாந்தில் இருந்தபோதே இதன் வாசகர்.

வேறொரு வெளியீட்டாளர் தொடுத்த வழக்கில், இத்தகைய இதழ்களைத் தபாலில் தடுக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1962-இல் தீர்ப்பளித்தது. முழு நிர்வாணம் அச்சேற இன்னும் சில ஆண்டுகள் ஆயின. அதுவரை மாடல்கள் கட்டிய சிறு துணிக்கு 'தோரணைக் கச்சை' என்று யாரோ எழுதியிருந்தார்கள். வேண்டாமே! முன்னால் ஒரு துண்டு, இடுப்பில் ஒரு கயிறு: அது கோவணம். இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஏன் செய்ய வேண்டும்?

சரி, வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்: 'பாப் மைசர் (1922–1992), தன்பால் வேட்கைக் கலையை இதழ்வழி பரப்பிய முன்னோடி ஒளிப்படக் கலைஞர்.' எனக்கு உறுத்தவில்லை. 'வேட்கை' விளம்பர வாசகம் போல ஒலிக்கிறது என்று நினைப்பவர்கள் 'சிருங்காரம்' வைத்து இதே வாக்கியத்தை எழுதிக் காட்டுங்கள். அதையும் பரிசீலிக்கலாம்.