ஜனவரியில் ஆறு இரவு: லிவாவா, ஷர்க்கியாவா?

நெய்தல்:
2027 ஜனவரி கடைசி வாரம், அறுபதைத் தாண்டிய தம்பதி ஒருவருக்கு ஆறு இரவுப் பயணம் போட வேண்டும். செலவு பிரச்சினை இல்லை, அலைச்சல்தான் ஆகாது. மணலும் வேண்டும், கடலும் வேண்டும். கையில் இரண்டு திட்டம். ஒன்று அபுதாபி: லிவா பாலைச்சோலை பக்கம் கஸ்ர் அல் சராப் சொகுசு விடுதி, அப்புறம் சர் பனியாஸ் தீவு. மற்றது ஓமன்: ஷர்க்கியா மணல் (பழைய பெயர் வஹீபா), அங்கிருந்து சூர் வழியாக மஸ்கட். எதை எடுப்பது, ஏன்?

பாலைவழி:
லிவாவை எடுங்கள். ரூப் அல் காலி என்கிற மாபெரும் மணல்காட்டின் வடக்கு ஓரம் அது. அந்த வட்டாரத்து மொரீப் மேடு 300 மீட்டரைத் தொடும்; ஷர்க்கியாவில் 100 மீட்டர் மேடே பெரிது. அதைவிட முக்கியம் சாலை. கஸ்ர் அல் சராப் வாசல்வரை தார் போட்டிருக்கிறார்கள். அபுதாபியிலிருந்து சாதாரண காரில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும், ஒரு குலுக்கல் இல்லை. தனி நீச்சல்குளம் உள்ள வில்லாவை எடுத்தால் மணல்மேடு எதிரிலேயே நிற்கும்.

அங்கே இரண்டு இரவு கட்டாயம். ஒரே இரவு போட்டால் மதியம் மூன்றுக்கு அறை, மறுநாள் பதினொன்றுக்குக் காலி. நடுவில் ஒரு அந்தி, ஒரு விடியல். அன்று காற்று வீசிவிட்டால் அதுவும் போச்சு. பிறகு ஜெபல் தன்னா படகுத்துறையிலிருந்து சர் பனியாஸ். தீவில் பாதிக்கு மேல் வனவிலங்குப் பூங்கா. 1972-இல் காட்டிலிருந்தே அற்றுப்போன அரேபிய ஓரிக்ஸ் மான் அங்கே மந்தையாக மேய்வதை வண்டியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

சூர்சாலை:
மணலைப் பற்றி பாலைவழி சார் சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. கடலில்தான் அந்தத் திட்டம் இடறுகிறது. பாரசீக வளைகுடாவின் சராசரி ஆழம் 35 மீட்டர் போலத்தான். ஆழமில்லாத தண்ணீர் குளிர்காலத்தில் சட்டென்று குளிர்ந்துவிடும். ஜனவரியில் அபுதாபிக் கரையில் 20, 21 டிகிரிதான். வயதானவர்கள் கணுக்கால் நனைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மஸ்கட்டுக்கு முன்னால் இருப்பது ஆழமான ஓமன் வளைகுடா. அங்கே அதே மாதம் இரண்டு மூன்று டிகிரி கூடுதல். கேட்க அற்பமாகத் தெரியும், உடம்புக்கு அது பெரிய வித்தியாசம். போதாக்குறைக்கு ஷமால். குளிர்கால வடமேற்குக் காற்று கிளம்பினால் நாள்கணக்கில் அடிக்கும். அப்போது தீவுக்குப் படகில் போவதே ஆட்டம்தான்.

ஓமனில் போன வழியே திரும்ப வேண்டாம். மஸ்கட்டிலிருந்து மணல் ஓரத்து ஊரான பிதியா மூன்று மணி நேரத்துக்குள். மணலில் தங்கிவிட்டு வாதி பனி காலித் (வாதி என்றால் மலையிடுக்கு ஓடை), பிறகு சூரில் மரக்கலம் கட்டும் துறை, அங்கிருந்து கடலை ஒட்டியே, தரை உள்வாங்கித் தண்ணீர் நிற்கும் பிம்மா பள்ளம் வழியாக மஸ்கட். ஆமைக் கரையான ராஸ் அல் ஜின்ஸும் பக்கம்.

பாலைவழி:
ஆமையைச் சொல்லி ஆசை காட்டாதீர்கள். ராஸ் அல் ஜின்ஸில் பச்சை ஆமை கூட்டமாகக் கரையேறுவது ஜூன் முதல் செப்டம்பர் வரை. ஜனவரியில் இரவெல்லாம் காத்திருந்தாலும் ஒன்றிரண்டு வந்தால் அதிர்ஷ்டம். ஆமைக்காக ஜூலையில் போனால் மணலில் 45 டிகிரி. இரண்டும் ஒரே பயணத்தில் நன்றாக அமையாது. அந்தக் கிழக்குக் கரையில் உயர்தரத் தங்குமிடமும் அரிது. சொகுசு விடுதிகள் மஸ்கட்டில்தான். அந்த வழியில் இருக்கும் வாதி ஷாப்? முக்கால் மணி நேரம் பாறை மேல் நடை, கடைசியில் நீச்சல். முழங்கால் தாங்காது.

சூர்சாலை:
ஆமை விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன், நீக்கிவிடலாம். வாதி ஷாப்பை நான் சொல்லவே இல்லையே. வாதி பனி காலித்தில் வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து முதல் குளம்வரை சமதளம். மெதுவாக நடந்தாலும் பத்து நிமிடம். பிம்மாவில் படி இறங்காமல் மேலே கைப்பிடிச் சுவரிலிருந்தே அந்தப் பச்சைத் தண்ணீரைப் பார்த்துவிடலாம். இரவு தங்குவது மணலிலும் மஸ்கட்டிலும் மட்டும்: இரண்டு, நான்கு. சூரில் மதியச் சாப்பாடு.

மணலோட்டி:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஷர்க்கியாவில் தார் முடிந்த பிறகு கூடாரம்வரை சில இடங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், சில இடங்களுக்கு நாற்பது. முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். வாடகைக்கு ஃபோர் வீல் எடுத்துத் தானே ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். மணலில் வரும் சேதத்துக்கு வாடகை வண்டிக் காப்பீடு பெரும்பாலும் பொறுப்பேற்காது. தார் முடியும் ஊரான அல் வாசிலில் காரை விட்டுவிட்டு, கூடாரத்துக்காரர்களின் வண்டியில் உள்ளே போங்கள்.

அந்த ஓட்டுநர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். 35 பிஎஸ்ஐ (டயர்க் காற்றழுத்த அளவு) இருக்கும் டயரில் வால்வை அழுத்திப் பிடித்து 15 முதல் 18 வரை இறக்குவார். டயரின் அடிவயிறு பிதுங்கி, தரையில் படும் தடம் நீளும். அப்போதுதான் வண்டி மணலைத் தோண்டாமல் மேலே மிதக்கும். 12-க்குக் கீழே போனால் வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். திரும்பித் தாருக்கு வந்ததும் காற்று ஏற்றாமல் வேகம் பிடித்தால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். காற்றை இறக்காமலேயே மணலில் இறங்குகிறவரோடு போகாதீர்கள்.

மாலை நான்குக்குள் அல் வாசிலில் இருக்க வேண்டும். ஐந்தே முக்காலுக்குச் சூரியன் விழுந்துவிடும். அதன்பின் மேடு எது, பள்ளம் எது என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது.

பாலைவழி:
இதைத்தான் நானும் சொல்கிறேன்: லிவாவில் இந்தக் கவலை எதுவும் இல்லை.

சூர்சாலை:
உண்மை. ஆனால் தார் போட்ட இடத்துக்கு எல்லோரும் வருவார்கள். ஷர்க்கியாவில் தனிக்கூடாரம் போட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள்; விடியற்காலையில் பனி இறங்கி மணல் மேல் மெல்லிய இருண்ட தோல் படிந்திருக்கும், அதில் வண்டின் கால்தடம் தையல் போட்டது போலப் போகும். வேறு யார் தடமும் இருக்காது. அதற்காக அரை மணி நேரக் குலுக்கலைத் தாங்கலாம் என்பது என் கட்சி.

நெய்தல்:
தம்பதி இருவருக்கும் முதுகு சரியில்லை. ரத்த அழுத்த மாத்திரையும் உண்டு.

மணலோட்டி:
அப்படியென்றால் நான் பாலைவழி பக்கம். மணலுக்கு லிவா இரண்டு இரவு, தீவு இரண்டு, கடைசி இரண்டு அபுதாபி நகரத்தில். கடலில் குளிக்க முடியாது என்பதை முன்பே சொல்லிவிட்டு, சூடாக்கிய குளம் உள்ள வில்லாவாகக் கேளுங்கள். "குளம் உண்டு" என்றால் சூடாக்கியது என்று பொருள் இல்லை, எழுத்தில் வாங்கவும். மாத்திரைக்கு மருத்துவர் சீட்டு கூடவே இருக்கட்டும். கோடீன் உள்ள இருமல் மருந்து, டிரமடால் என்ற வலி மாத்திரை இரண்டும் அமீரகத்தில் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாதவை. மசாலாப் பொடி கொண்டுபோனால் கசகசா கலந்ததா என்று பாருங்கள். அங்கே அது தடை.

பாலைவழி:
தேதியைத் தள்ளிப் போடாதீர்கள். 2027-இல் ரமலான் பிப்ரவரி 8 வாக்கில் தொடங்குகிறது. ஜனவரி 22 பௌர்ணமி. 27-க்கு மேல் மணலில் தங்கினால் நிலா பத்து மணிக்கு மேல்தான் எழும். இரவுச் சாப்பாடு முடிந்து வெளியே வந்தால் வானம் முழுக்க நட்சத்திரம். விடிகாலையில் பத்துப் பன்னிரண்டு டிகிரி வரை இறங்கும், கம்பளிச் சால்வை இரண்டு எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

சூர்சாலை:
முதுகுக்கு வலி என்றால் நானும் வற்புறுத்தவில்லை. ஒன்று மட்டும்: தீவுக்கு முதலில் போய்விட்டு மணலைப் பின்னால் வையுங்கள். ஷமால் அடித்துப் படகு ஒரு நாள் தள்ளிப்போனால், அபுதாபி இரவில் ஒன்றை அங்கே நகர்த்த இடம் இருக்கும்.