ரெண்டு பஸ் காணுமோ? வவுனியா நகரச் சுற்றுச் சேவை

குருமன்காட்டான்:
மாநகரசபைக்குக் கேக்கிற வேட்பாளர் ஒருத்தற்ற கூட்டப் பேச்சு கேட்டனீங்களோ? பேருந்து நிலையம், ஆஸ்பத்திரி, ஸ்ரேசன், சந்தை எல்லாம் சுத்திவர 7 கிலோமீற்றருக்கு உள்ளகச் சுற்று பஸ்ஸாம். கால் மணித்தியாலத்துக்கு ஒண்டாம். "ரெண்டு பஸ் காணும்" எண்டார். சனம் கைதட்டுது!
டவுனுக்குள்ள மணிக்கு 15 கிலோமீற்றருக்கு மேல ஓடேலாது. 7 கிலோமீற்றருக்கு 28 நிமிசம். 14 தரிப்பு, ஒவ்வொண்டிலயும் அரை நிமிசம், அது 7. சுத்தி வந்து நேரக்கணிப்பாளரிட்டக் கையெழுத்து வைச்சு, தண்ணி குடிச்சு வெளிக்கிட 5. மொத்தம் 40. நாப்பதைப் பதினஞ்சால பிரிச்சா ரெண்டே முக்கால் கிட்ட. முக்கால் பஸ் எங்க விக்குது? மூண்டு வேணும். பழுதானா மாத்த ஒண்டு, நாலு.

வெளிக்குளத்தான்:
அண்ணை, அந்த 15 எண்டது தரிப்பில நிக்கிற நேரமும் சேர்ந்த வேகம். நீங்கள் அதுக்கு மேல இன்னொருக்கா 7 நிமிசம் போட்டு ரெண்டு தரம் கணக்கெடுக்கிறியள். 28 நிமிசம் ஓட்டம், 2 நிமிசம் ஆறுதல், 30. ரெண்டு பஸ். அவர் சொன்னது சரி.

குருமன்காட்டான்:
15 எண்டது ஓட்ட வேகம் தம்பி. தரிப்பு வேற. பள்ளிக்கூடம் விடுற ஒண்டரைக்குக் கண்டி வீதியில நிண்டு பாரும், 15 எண்டதே பெரிசு.

வெளிக்குளத்தான்:
தரிப்பும் சேர்ந்த வேகம்.

மரக்காரம்பளை:
ரெண்டு பேரும் பஸ் எண்ணுறியள். ஓடுறதுக்கு வழித்தட அனுமதி ஆர் குடுக்கிறது? மாகாணத்துக்குள்ள ஓடுற தனியார் பஸ்ஸுக்கு வடமாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபை. மாகாணம் தாண்டினாத்தான் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தில வந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. கண்டி வீதி, அதுதான் ஏ9, வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்குச் சொந்தம், கரையில ஒரு தரிப்புக் கொட்டில் போட எண்டாலும் அவையிட்டத்தான் கேக்கோணும். சபைக்குக் கிடக்கிறது பாக்கிங் காசு, உள்வீதி, கான்.

குருமன்காட்டான்:
அதெல்லாம் பிறகு. முதல் மூண்டு பஸ் எண்டு ஒத்துக்கொள்ளட்டும்.

கொண்டக்டர்:
ஓட்டங்களை 60:40 எண்டு பங்கு போட்ட இணைந்த நேர அட்டவணையையே ஒழுங்கா ஓட்டேலாமல் தனியாரும் அரசாங்கத்தின்ர இ.போ.சவும் நிலைய வாசல்ல இழுபறிப்பட்ட ஊர் இது. இதுக்குள்ள மூண்டாவதா சபை பஸ்ஸோ? ஆர் முன்னுக்கு எடுக்கிறது, ஆர் பின்னுக்கு நிக்கிறது? ஓட்டோத் தரிப்பிடக்காரர் முதல் நாளே வருவினம்.

வெளிக்குளத்தான்:
ஓட்டோக்காரர் வந்தா வரட்டும். ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போற அம்மாக்களிட்டை வாங்கிற காசு தெரியும்தானே.

கொண்டக்டர்:
ஓட்டோக்காரருக்கும் லீசிங் இருக்கு ராசா. மீற்றர் பூட்டச் சொல்லிப் பேசுங்கோ, தொழிலைப் பழிக்க வேண்டாம்.

குருமன்காட்டான்:
ஓட்டோவை விடுங்கோ. ரெண்டு பஸ்ஸில ஓட்டினா என்ன நடக்கும் எண்டு சொல்லுறன். மினி பஸ்ஸுக்கு ஒரு வாசல். இறங்கிறவை இறங்கினாப் பிறகுதான் ஏறலாம். ஆஸ்பத்திரித் தரிப்பில அரை நிமிசம் காணாது. முன் பஸ் 3 நிமிசம் பிந்தினா அடுத்த தரிப்பில சனம் கூட, ஏத்த இன்னும் செல்லும், இன்னும் பிந்தும். பின்னால வாறது வெறுமையா ஓடி வந்து பிடிச்சிடும். ரெண்டும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா நிக்கும், பிறகு அரை மணித்தியாலம் ஒண்டும் வராது. 2 நிமிச ஆறுதலில அந்தப் பிந்தலை ஈடுகட்டேலாது. மன்னார் வீதிப் பக்கம் ரெயில் கடவை ஒருக்காப் பூட்டினாக் காணும், அண்டைய அட்டவணை முடிஞ்சுது.
முதலாம் ரெண்டாம் கியரிலயே நாள் முழுக்க ஓடினா கிளச் பிளேட்டும் பிரேக் லைனரும் தூரப் பஸ்ஸைப் போல நிண்டுபிடிக்காது. ஒண்டு கராஜுக்குப் போனா மிச்சம் ஒண்டு. அதுதான் நாலாவது.

வெளிக்குளத்தான்:
டீசலையும் பாருங்கோவன். காலமை 6இல இருந்து பின்னேரம் 6 மட்டும் கால் மணிக்கொண்டு எண்டா 48 சுற்று, 336 கிலோமீற்றர். ரெண்டு பஸ் ஓடினாலும் மூண்டு ஓடினாலும் அதே 336தான். லீற்றருக்கு 5 கிலோமீற்றர் எண்டு வைச்சா 67 லீற்றர். கூடுறது சம்பளம். ரெண்டு பஸ்ஸுக்கு ரெண்டு நேர வேலையில சாரதி, நடத்துநர் 8 பேர். மூண்டுக்கு 12. அந்த 4 சம்பளத்தை ஆர் குடுக்கிறது, உங்கட நாலாவது பஸ்ஸோ?

குருமன்காட்டான்:
டீசல் ஒண்டு எண்டு நான் இல்லை எண்டு சொன்னனானோ? 28 சக 7 சக 5 எவ்வளவு எண்டு மட்டும் சொல்லும்.

வெளிக்குளத்தான்:
7 ஏற்கெனவே 28க்குள்ள.

மரக்காரம்பளை:
20 நிமிசத்துக்கு ஒண்டு எண்டு விட்டா அண்ணையின்ர 40க்கும் ரெண்டு பஸ் காணுமே.

குருமன்காட்டான்:
அவர் 20 எண்டு சொல்லேல்லை. கால் மணி எண்டவர். சொன்னதுக்குத்தான் கணக்கு.

கொண்டக்டர்:
முந்தி இஞ்ச நடந்த குளத்துக் கொள்ளளவு விவாதத்திலயும் அண்ணை இப்பிடித்தான், ஏக்கர் அடி, கன மீற்றர் எண்ட ரெண்டு தண்ணி அளவையும் குழப்பிப்போட்டு கடைசி மட்டும் இறங்கேல்லை.

குருமன்காட்டான்:
அதில பிழை விட்டது நீர். பழையதைக் கிளறினா நானும் கிளறுவன். ரிக்கெற் மிச்சக்காசு பற்றி நீர் எழுதினதை எடுத்துப் போடவோ?

கொண்டக்டர்:
போடும். மிச்சக்காசு தாறேல்லை எண்டு எழுதினது நான் இல்லை, வெளிக்குளத்தான்.

வெளிக்குளத்தான்:
என்னை ஏன் இழுக்கிறியள்? நான் எழுதினது ரிக்கெற் மெசினைப் பற்றி. தாள் சுருள் முடிஞ்சா அடிக்காது, காசை மட்டும் வாங்குவினம் எண்டு.

கொண்டக்டர்:
சுருள் மாத்த ஒரு நிமிசம் செல்லாது. தெரியாட்டிக் கதைக்க வேண்டாம்.

குருமன்காட்டான்:
அந்த ஒரு நிமிசத்தையும் கூட்டும் தம்பி. 41.