உயிர்பெறாத மடிக்கணினியிலிருந்து கோப்புகளை எடுப்பது எப்படி?

வினா

வணக்கம். ஆறு ஆண்டுகளாக நான் பயன்படுத்தி வந்த விண்டோஸ் மடிக்கணினி, மூன்று நாள்களுக்கு முன்பு தட்டச்சு செய்துகொண்டிருந்தபோதே அணைந்துவிட்டது. அதன்பிறகு பவர் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் விளக்கு எரியவில்லை, விசிறியும் சுழலவில்லை. வேறு சார்ஜரை மாட்டியும் பயனில்லை. பழுது பார்ப்பவர் மதர்போர்டு போய்விட்டது என்று சொல்லிவிட்டார். கணினி போனது எனக்குப் பெரிதில்லை. ஆனால் என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் நான்கு இயல்களும், கள ஆய்வில் பதிவு செய்த நேர்காணல்களும் அதற்குள்தான் இருக்கின்றன. நேர்காணல் தந்த முதியவர்களில் இருவர் இப்போது உயிருடன் இல்லை என்பதால், அந்தக் குரல்களை மறுபடியும் பதிவு செய்ய வழியில்லை. வேறு பிரதி எதுவும் எடுத்து வைக்கவில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி 1

மதர்போர்டு போனதால் கோப்புகளும் போய்விட்டன என்று எண்ண வேண்டாம். கோப்புகள் இருப்பது தனியான சேமிப்பகத்தில்; பெரும்பாலான விண்டோஸ் மடிக்கணினிகளில் அதைக் கழற்றி எடுத்துவிடலாம். அதற்கு முன், சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை முப்பது வினாடி அழுத்திப் பிடித்து, பின்னர் சார்ஜரை மட்டும் மாட்டி ஒருமுறை முயன்று பாருங்கள். தேங்கிய மின்னூட்டத்தால் முடங்கிய கணினிகள் சில இதிலேயே எழுந்துவிடுவதுண்டு.

எழவில்லை என்றால் அடிப்பக்க மூடியைத் திறந்து, முதல் வேலையாக பேட்டரியின் இணைப்பைக் கழற்றுங்கள். உள்ளே இரண்டரை அங்குல வகை எனப்படும் தட்டையான பெட்டி இருந்தால் அது சாட்டா என்னும் இணைப்பு முறையைச் சேர்ந்தது. சாட்டாவை யுஎஸ்பியாக மாற்றும் கேபிள் ஒன்றே போதும். 22 மில்லிமீட்டர் அகலத்தில் பட்டைபோல ஒன்று ஒரே திருகில் நிற்குமானால் அது எம்.2 வடிவ எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம்). இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள்: எம்.2 வடிவத்திலேயே சாட்டாவும் உண்டு, என்விஎம்இ என்னும் வேறோர் இணைப்பு முறையும் உண்டு. சாட்டாவுக்கு மட்டுமான உறையில் (பட்டையை யுஎஸ்பி வழியாகக் கணினியுடன் இணைக்கும் பெட்டியில்) என்விஎம்இ பட்டையைப் பொருத்தினால் கணினி அதைக் கண்டுகொள்ளாது; உடனே எஸ்எஸ்டியும் செத்துவிட்டது என்று நெஞ்சு பதறிவிடும். பட்டையின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள மாதிரி எண்ணைத் தேடிப் பார்த்து, அதற்கேற்ற யுஎஸ்பி உறையை வாங்குங்கள்.

நல்ல நிலையில் உள்ள வேறொரு கணினியில் இணைத்ததும், ஃபார்மட் செய்ய (அதாவது சேமிப்பகத்தை வெறுமையாக்க) வேண்டுமா என்று திரை கேட்டால் எக்காரணம் கொண்டும் சம்மதிக்காதீர்கள். பிழைகளைச் சரிசெய்யட்டுமா என்று கேட்டாலும் இப்போதைக்கு மறுத்துவிடுங்கள். அந்தத் திருத்தம் சேமிப்பகத்தின் மேலேயே எழுதுகிறது. கோப்புகளை நகலெடுத்து முடிக்கும்வரை அதில் எதுவும் எழுதப்படக் கூடாது.

மறுமொழி 2

முன்னவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக உள்நுழைந்திருந்தால், நீங்கள் கேட்காமலேயே சேமிப்பகம் மறையாக்கம் (திறவுகோல் இன்றிப் படிக்க முடியாதபடி பூட்டுதல்) செய்யப்பட்டிருக்கக்கூடும். அப்படியானால் வேறு கணினியில் இணைத்ததும் பூட்டுப் படத்துடன் தோன்றி, விண்டோஸின் மறையாக்க வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கும். விண்டோஸ் கடவுச்சொல் அங்கே உதவாது. பதற்றப்படாமல் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கை இணையத்தில் திறந்து பாருங்கள். இவ்வாறு தானாகப் பூட்டப்பட்ட கணினிகளின் குறியீடு பெரும்பாலும் அங்கேயே சேமிக்கப்பட்டிருக்கும். அதே கணக்கின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவையும் திறந்து பாருங்கள். டாக்குமென்ட்ஸ் கோப்புறை உங்கள் கவனத்துக்கு வராமலேயே அங்கு ஏறியிருந்தாலும் இருக்கலாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன். 2020 முதல் வந்த, ஆப்பிளின் எம்1 வரிசைச் சிப் கொண்ட மேக்புக்குகளில் சேமிப்பகம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. மறையாக்கத்தின் திறவுகோலும் அந்தச் சிப்பிலேயே இருப்பதால், சேமிப்பகத்தைப் பெயர்த்து எடுத்தாலும் பயனில்லை. அந்த மதர்போர்டையே ஒருமுறையாவது இயங்கவைக்கக்கூடிய வல்லுநரிடம்தான் கொடுக்க வேண்டும். சுழலும் வன்தட்டிலிருந்து டிக், டிக் என்று சத்தம் வந்தாலும் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு வல்லுநரிடம் செல்லுங்கள். இயங்கும் ஒவ்வொரு நிமிடமும் சேதம் கூடிக்கொண்டே போகலாம்.

வினா எழுப்பியவர்

இருவருக்கும் மிகுந்த நன்றி. உள்ளே இருந்தது என்விஎம்இ பட்டைதான். உறை வாங்கி இணைத்ததும் பூட்டுப் படம் வந்தது. குறியீடு என் கணக்கிலேயே இருந்தது. ஒன்டிரைவில் எதுவும் இல்லை. ஆனால் என் பெயரிலுள்ள கோப்புறையைத் திறந்தால், திறக்க அனுமதி இல்லை என்கிறது. மேலும், கணினி அணைந்தபோது நான்காம் இயலில் இரண்டு மணி நேரமாக எழுதியதைச் சேமித்திருக்கவில்லை. அதுவும் கிடைக்குமா?

மறுமொழி 1

அந்த அறிவிப்பிலேயே தொடர்வதற்கான பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் அனுமதிகளை ஒவ்வொரு கோப்பாக மாற்றிக்கொண்டு செல்லும். கோப்புகள் நிறைய இருந்தால் நேரம் பிடிக்கும், இடையில் நிறுத்தாதீர்கள். எதுவும் எழுதக் கூடாது என்று நான்தான் சொன்னேன். இது எழுதத்தான் செய்யும். ஆயினும் உங்கள் எஸ்எஸ்டி பழுதின்றி இருப்பதாகத் தெரிவதாலும், எழுதப்படுவது அனுமதி விவரம் மட்டுமே என்பதாலும் இதைச் செய்யலாம்.

சேமிக்காத பகுதிக்கும் நம்பிக்கை உண்டு. வேர்ட் இயல்பாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே ஒரு மீட்புப் பிரதியை எழுதி வைக்கும். மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டும்படி அமைத்துவிட்டு, ஆப்டேட்டா என்னும் கோப்புறைக்குள் ஏஎஸ்டி என்று முடியும் கோப்புகளைத் தேடுங்கள். கிடைத்ததை வேறு இடத்துக்கு நகலெடுத்த பின் வேர்டிலிருந்து திறந்து பாருங்கள்.

வினா எழுப்பியவர்

ஏஎஸ்டி கோப்பு கிடைத்தது. கடைசிப் பத்தி மட்டும்தான் இல்லை. நேர்காணல்கள் அனைத்தையும் இரண்டு வெளிச் சேமிப்பகங்களில் நகலெடுத்துவிட்டு, ஒவ்வொன்றின் தொடக்கத்தையும் முடிவையும் கேட்டுச் சரிபார்த்து வருகிறேன். இதுவரை பதினொன்று சரியாக இருக்கின்றன. இன்னும் ஆறு மீதமுள்ளன. மறைந்த அந்த இருவரின் பதிவுகளையும் முதலிலேயே முழுமையாகக் கேட்டுவிட்டேன்.