போர்டில் ஆர்க்கிடெக்ட், பதிவேட்டில் பெயர் இல்லை

மதுரையில் எங்கள் வீட்டுக்கு முதல் மாடித் தளம் போடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம். தம்பியின் சிநேகிதர் ஒருவர், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தார். கான்கிரீட்டைத் தாங்க அடித்திருந்த சென்ட்ரிங் பலகை மேல் ஏறி பால்கனிப் பக்கம் குனிந்தவர் ரொம்ப நேரம் நிமிரவே இல்லை.

"அண்ணே, நாலடி வெளியே நீட்டுற தளத்துக்கு மெயின் கம்பி மேல் பக்கம் இருக்கணும். இங்க எல்லாமே அடியில கிடக்கு."

கம்பிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விட வைக்கும் கவர் பிளாக்கும் வைக்கவில்லை, கம்பி பலகையோடு ஒட்டிக் கிடந்தது. சுவரிலிருந்து வெளியே நீளும் தளம் பாரத்தில் கீழே வளையும்போது இழுபடுவது அதன் மேல்பக்கம்தான், அந்த இழுப்பைத் தாங்கத்தான் கம்பியே, அது அடியில் கிடந்தால் இருந்தும் பயனில்லை என்றார். முட்டு பிரித்த அன்றே விழலாம், இல்லை, நாலு பேர் போய் நிற்கிற ஒரு நாளில் விழலாம்.

மேஸ்திரியைக் கோபித்துப் பிரயோஜனம் இல்லை. அவர் கையில் இருந்த டிராயிங்கில் கம்பியின் விட்டமும் இடைவெளியும் இருந்தன. மேலே வருமா கீழே வருமா என்று காட்டும் செக்‌ஷன், அதாவது குறுக்குவெட்டுப் படம், இல்லை, யாருடைய கையெழுத்தும் இல்லை.

வரைந்து கொடுத்தவரின் அலுவலக வாசலில் ஆர்க்கிடெக்ட் என்று பெரிய போர்டு. அதை நம்பித்தான் போனோம். அன்று ராத்திரிதான் ஆர்க்கிடெக்ட்களைப் பதிவு செய்யும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரின் இணையதளத்தில் தேடினேன். 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி பதிவு செய்தவர்கள்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். பதிவு எண் சிஏ என்று தொடங்கும், அடுத்து பதிவான ஆண்டு வரும். இவர் பெயர் எங்கேயும் இல்லை. போன் போட்டேன். "அதெல்லாம் டெல்லி சமாச்சாரம் சார், பிளான் அப்ரூவல் வந்தாச்சுல்ல?" என்றார்.

அப்ரூவல் கோப்பில் கையெழுத்துப் போட்டிருந்தது பதிவு பெற்ற வேறொரு இன்ஜினியர். அவர் எங்கள் மனையை ஒரு நாளும் மிதித்ததில்லை. இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூனில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்ததைப் பார்த்த மாநிலத்தில், சைட்டைப் பார்க்காமல் எப்படிக் கையெழுத்துப் போட மனசு வருகிறது?

சட்டத்தைத் தேடிப் படித்தபோது இன்னும் வருத்தம். அது காப்பது ஆர்க்கிடெக்ட் என்ற பட்டத்தை மட்டும்தான், வரைகிற வேலையை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது. பட்டத்தைத் தப்பாகப் போட்டுக்கொண்டால் முதல் தடவை அபராதம் 500 ரூபாய் வரை, அதுவும் கவுன்சிலோ மத்திய அரசோ உத்தரவிட்டு புகார் போனால்தான் நீதிமன்றம் எடுக்கும். இன்ஜினியர்களுக்கோ இந்தியா முழுக்கச் செல்லும் பதிவுச் சட்டமே கிடையாது. தமிழ்நாட்டில் 2019 கட்டட விதிகளின்படி செய்கிற பதிவுதான் நமக்குப் பிடிமானம். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள், செல்லுபடியாகும் தேதியையும் பாருங்கள், கையெழுத்துப் போடுபவரை ஒரு தடவையாவது சைட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

நாங்கள் கான்கிரீட்டை நிறுத்தி, பால்கனிக் கம்பியைப் பிரித்து மறுபடி கட்டினோம். கம்பி மேலேயே நிற்க அதைத் தூக்கிப் பிடிக்கும் சேர் கம்பியை அடியில் வைத்து, கான்கிரீட் கொட்டும்போது யாரும் அதை மிதிக்காமல் தம்பியின் சிநேகிதரே பக்கத்தில் நின்றார். ஐந்து நாள் தாமதம், கூலி தனி.

போர்டு, விசிட்டிங் கார்டு, டிராயிங் மூன்றையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன், கவுன்சிலுக்கு அனுப்பப் போகிறேன். இப்படிப் புகார் எழுதியவர்கள் யாராவது இருந்தால், கூட என்னென்ன வைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.