தாத்தா மேசைக் காலை அறுக்க வேண்டாம்

குழு: அம்மாப்பேட்டை வீடு

கவிதா: எல்லாருக்கும் வணக்கம். திங்கக்கெழமைலேர்ந்து எனக்கு வீட்ல இருந்தே வேலை. காலைல 9லேர்ந்து 6 வரைக்கும். மாடி ரூம்ல உக்காரப்போறேன். மேசை யார் வீட்லயாவது சும்மா கெடக்கா?

சூரமங்கலம் அத்தை: அப்பா மேசை இருக்கே. அஸ்தம்பட்டி வீட்ல அது மேல மிக்ஸி வெச்சிருக்காங்க

பெரியப்பா: மிக்ஸிய எடுத்து 2 வருசம் ஆச்சு

சூரமங்கலம் அத்தை: இப்ப கிரைண்டர்

அம்மா: அது கவிதாவுக்கு உயரங்க. சின்னதுல தலகாணி போட்டு உக்காந்துதான் எழுதுவா

அருண்: கால்ல 5 அங்குலம் அறுத்துட்டா போச்சு

பெரியப்பா: அறுக்கறதா இருந்தா மேசை வராது.

செல்வம் சித்தப்பா: யாரும் ரம்பத்தைத் தொடாதீங்க. கவிதா, செருப்பில்லாம நாற்காலில நிமிந்து உக்காரு. டேப் வெச்சு 3 அளவு எடு. தரைலேர்ந்து முழங்காலுக்குப் பின்பக்க மடிப்பு வரைக்கும். உக்காருற பலகைலேர்ந்து, கைய மடக்கித் தொங்கவிட்டா முழங்கை வரைக்கும். அப்புறம் தொடையோட தடிமன்.

கவிதா: 15½, 9½, 5

அருண்: சித்தப்பா ஜாக்கெட் தெக்கப்போறீங்களா

செல்வம் சித்தப்பா: அண்ணா, மேசை உயரமும் எழுதற பலகைக்கு அடில ட்ராயர் எவ்ளோ எறங்கியிருக்குன்னும் பாத்துச் சொல்லுங்க

பெரியப்பா: 30. பலகை 1 அங்குலம். ட்ராயரும் அடிச்சட்டமும் சேந்து 5.

செல்வம் சித்தப்பா: அப்ப கேளுங்க. டைப் அடிக்கறப்ப முழங்கையும் கீபோர்டும் ஒரே மட்டத்துல இருக்கணும். கீபோர்டு மேல இருந்தா தோளைத் தூக்கிக்கிட்டே அடிப்போம், சாயங்காலம் கழுத்து புடிச்சுக்கும். காலை 5 அங்குலம் அறுத்தா மேசை 25. கவிதா 15½ல உக்காந்தா முழங்கை 25. பொருந்துது. ஆனா ட்ராயர் அடி 19க்கு வந்துரும், தொடை மேல்மட்டம் 20½. கால் உள்ளயே போகாது. அறுக்காம நாற்காலிய 20½க்கு ஏத்துனாலும் தொடை 25½, ட்ராயர் அடி 24. அப்பவும் முட்டும். தப்பு கால்ல இல்ல, நடு ட்ராயர்ல.

சூரமங்கலம் அத்தை: அந்த ட்ராயர்லதான அப்பா பத்திரம் வெச்சிருந்தாரு

பெரியப்பா: அந்தப் பேச்சு இப்ப எதுக்கு

செல்வம் சித்தப்பா: ட்ராயர உருவிட்டு அடிச்சட்டத்த மட்டும் கழட்டுனா போதும். ரெண்டு பக்கமும் பெட்டி இருக்கறதால மேசை ஆடாது. தொடைக்கு மேல 3½ அங்குலம் எடம் கெடைக்கும். கழட்டுனத பத்திரமா வெச்சா எப்ப வேணா திருப்பி மாட்டிக்கலாம். அண்ணா, சம்மதமா?

அம்மா: சரிங்க, நாற்காலிய ஏத்துனா அவ கால் தொங்குமே

செல்வம் சித்தப்பா: 20½ல 15½ போக 5. அந்த 5 அங்குலத்துக்குக் கால் பலகை வேணும். 18 மில்லி ப்ளைவுட்ல ஒன்றரை அடி அகலம், ஒரு அடி ஆழத்துல பொட்டி மாதிரி அடிச்சுத் தரேன். கால் தொங்குனா நாற்காலி விளிம்பு தொடைய அழுத்தி மரத்துப்போகும்.

அம்மா: ரெண்டு மணைய அடுக்குனா ஆகாதா

செல்வம் சித்தப்பா: வழுக்கும் அண்ணி. அடில ரப்பர் மேட் போட்டா ரெண்டு நாளைக்கு ஓட்டலாம்.
நாற்காலி வாங்கறப்ப 21 வரைக்கும் ஏறுதான்னு கடைலயே டேப் வெச்சுப் பாருங்க. உக்காந்தா நுரை அரை அங்குலம் அமுங்கும். கைப்பிடி ஏறி எறங்கணும், இல்ல கழலணும். அசையாத கைப்பிடின்னா மேசை விளிம்புல இடிச்சு, நாற்காலி உள்ள போகாம, இவ முன்னாடி குனிஞ்சே வேலை பாப்பா. முதுகு சாஞ்சு உக்காந்தா முழங்கால் மடிப்புக்கும் பலகை விளிம்புக்கும் நடுவுல 2, 3 விரல் போகணும்.

அருண்: லேப்டாப் மட்டும் வெச்சுக்கிட்டு அடிக்காத கவி. கைக்குச் சரியா வெச்சா கழுத்து குனியும், கண்ணுக்குச் சரியா வெச்சா கை தூக்கும். தனி கீபோர்டு, மவுஸ் வாங்கு. லேப்டாப்ப 7, 8 அங்குலம் தூக்கு, ஸ்க்ரீன் மேல் விளிம்பு கண்மட்டத்துக்கு வரும். ஒரு கை நீளம் தூரம்

கவிதா: கீபோர்டு பின்னாடி இருக்கற குட்டிக் கால நிமித்தணுமா?

செல்வம் சித்தப்பா: மடக்கியே வை. நிமித்துனா மணிக்கட்டு பின்னால வளையும்.

அருண்: ஞாயித்துக்கெழமை யாராவது பெங்களூர் வராங்களா? தட்டுவடை செட் வேணும்

அம்மா: செட்டா அனுப்புனா ஊறிப்போயிரும்டா. வடை தனி, சட்னி தனி, பீட்ரூட் நீயே துருவிக்க

சூரமங்கலம் அத்தை: அந்த ரூம்ல பக்கத்து வீட்டுத் தறி சத்தம் வருமே. பேசாம ஏற்காட்டு வீட்ல போய் உக்காரட்டும், குளுகுளுன்னு

ரமேஷ் மாமா: மழை நாள்ல ஒரு மரம் விழுந்தா மலைல கரண்ட் எப்ப வரும்? கீழயே இருக்கட்டும். தறிச் சத்தத்துக்கு வாய்கிட்ட மைக் வர்ற ஹெட்செட் போதும்.
கரண்டுதான் கவனிக்கணும். மாடில இன்வெர்டர் லைன் லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டுந்தான் போகுது, ப்ளக் பாயிண்டுக்கு இல்ல. தனியா ஒரு வயர் இழுக்கணும். நியூட்ரலையும் இன்வெர்டர்லேர்ந்தே இழுக்கணும், ரூம் நியூட்ரல்ல சேத்தா ட்ரிப் ஆகும். லேப்டாப் 65 வாட், ஃபேன் 70, லைட் 15, ரௌட்டர் 12. ஏறக்குறைய 160. பேட்டரி 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர் மணி), பெருக்குனா கணக்குக்கு 1800 வாட் மணி. இன்வெர்டர்ல வீணாகறது போக, புது பேட்டரியா இருந்தா 6, 7 மணி நேரம் வரும். உங்களுது பழசு, பாதிய நம்புங்க. மாசாந்திர பராமரிப்புன்னு 9 மணிக்கு நிறுத்துனா மத்தியானத்துக்கு மேல தாங்காது.

கவிதா: மாமா, சார்ஜ் போட்டுக்கிட்டு லேப்டாப்ப தொட்டா சுர்ருங்குது

ரமேஷ் மாமா: அந்த பாயிண்ட்ல எர்த் வரல. இன்னைக்கே அத விட்டுரு. எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல மீட்டர் 2, 3 வோல்ட்டுக்கு மேல காட்டக்கூடாது. நான் வந்து பாக்கறேன். ரெண்டு முள் அடாப்டர் நடுவுல சொருகாத.

அருண்: ரௌட்டர் கீழ ஹால்ல. கான்கிரீட் தளத்தத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் சோந்துபோயிரும். கேட் 6 நெட் கேபிள் ஒண்ண மாடிக்கு இழுத்துருங்க. கரண்ட் வயர் போற பைப்ல சேக்காதீங்க

அம்மா: ஜன்னல் பக்கம் பாத்து மேசைய போட்டா காத்து வரும்ல

செல்வம் சித்தப்பா: வேண்டாங்க. அது மேற்கு ஜன்னல். எதுர உக்காந்தா மூணு மணிக்கு மேல கண் கூசும், முதுக காட்டி உக்காந்தா ஸ்க்ரீன்ல வெயில் அடிக்கும். ஜன்னல் இடது கைப்பக்கம் வரணும், எழுதறப்ப கை நிழலும் விழாது.

ரமேஷ் மாமா: மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடிங்க. நிறைய லேப்டாப்புக்கு 35 டிகிரிதான் எல்லை, சித்திரைல அந்த ரூம் தாண்டிரும்

அம்மா: அவங்க அப்பாகிட்ட மூணு வருசமா சொல்றேன்

பெரியப்பா: ட்ராயர் மட்டும்னா கழட்டிக்கலாம். கால்ல கை வெக்கக்கூடாது. ட்ராயர் என் வீட்லயே இருக்கட்டும்.

சூரமங்கலம் அத்தை: ட்ராயர் ஏன் உங்க வீட்ல?

கவிதா: ரொம்ப நன்றி பெரியப்பா

செல்வம் சித்தப்பா: ஞாயித்துக்கெழமை டாடா ஏஸ் சொல்லிரலாமா? மேசை நாலரை அடி நீளம். படி திரும்பற எடத்துல முழுசா ஏறாது. மேல் பலகைய தனியா கழட்டணும். அண்ணா, அடில ஸ்க்ரூவா, மர ஆணியா பாருங்க. மர ஆணின்னா தட்டிக் கழட்டறப்ப ஓரம் பிளக்கும்.

பெரியப்பா: போட்டோ அனுப்பிருக்கேன் பாருங்க

செல்வம் சித்தப்பா: கிரைண்டர்தான் தெரியுதுங்க அண்ணா

கவிதா: பெரியப்பா, டார்ச் அடிச்சு அடிப்பக்கம் ஒண்ணு எடுங்க