பிளஸ் ஒன் முடித்த பசங்களை மே மாதம் எடுக்கலாமா?

கேட்_அறை:
திருப்பூரில் கம்ப்யூட்டர் பேட்டர்ன் சென்டர் வைத்திருக்கிறேன். என்னோடு சேர்த்து எட்டுப் பேர். தையல் மெஷின் ஒன்றுகூடக் கிடையாது. கம்பெனிகளிலிருந்து அளவுச் சீட்டு வரும். பேட்டர்ன் (துணி வெட்டும் மாதிரி வடிவம்) போட்டு, கிரேடிங் செய்து (அதையே மற்ற சைஸ்களுக்கு மாற்றி), மார்க்கர் (துணியில் துண்டுகளை அடுக்கிக் காட்டும் வரைபடம்) பிரிண்ட் எடுத்துக் கொடுப்போம். பக்கத்து அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் முடித்த இரண்டு பையன்களும் ஒரு பெண்ணும் லீவில் வந்து பழகிக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். மூன்று பேருக்கும் பதினாறு வயது. காலை ஒன்பதரை முதல் மாலை ஆறரை வரை, மதியச் சாப்பாடு, பஸ் காசு, கடைசியில் ஒரு சான்றிதழ் என்று நினைத்திருந்தேன். எங்கள் ஆடிட்டர் "பதினெட்டு ஆகாத யாரையும் உள்ளே விடாதீர்கள், ஜெயில்தான்" என்று பயமுறுத்திவிட்டார். உண்மையா?

பிசுறுவெட்டி:
ஆடிட்டர் சொல்வதைக் கேளுங்கள். 1998இல் பதிமூன்று வயதில் லீவுக்குப் பிசுறு (துணியில் தொங்கும் நூல்) வெட்டப் போனவன் நான். "ஒரு மாசம் பழகிட்டு வரட்டும்" என்றுதான் என் அப்பாவிடமும் சொன்னார்கள். ஜூனில் பள்ளி திறந்தபோது நான்கு சனிக்கிழமைச் சம்பளம் பார்த்திருந்தேன். அப்புறம் எங்கே பள்ளிக்குப் போவது? மில்களில் சுமங்கலித் திட்டமும் "பயிற்சி" என்ற பெயரில்தான் வந்தது. வயசுப் பெண்களை மூன்று வருடம் விடுதியில் வைத்து வேலை வாங்கிவிட்டு, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்றார்கள். இப்போது அதற்கு இன்டர்ன்ஷிப் என்று பெயரா?

லேபர்_டெஸ்க்:
அண்ணன் சொல்லும் அனுபவம் உண்மை. ஆனால் கேள்வி சட்டம் பற்றியது. ஆடிட்டர் சொன்னது பாதிதான் சரி.

1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தினார்கள். பதினான்கு வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் உதவுவது, சினிமா, டிவியில் நடிப்பது போன்றவைக்குத்தான் விலக்கு. பதினான்கிலிருந்து பதினெட்டு வரை "வளரிளம் பருவத்தினர்". இவர்களைச் சுரங்கம், வெடிபொருள், எளிதில் தீப்பற்றும் பொருள், ஆபத்தான தொழில்முறைகள் ஆகியவற்றில் சேர்க்கவே கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 வரை அபராதம், அல்லது இரண்டும். ஆடிட்டர் சொன்ன ஜெயில் இதுதான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மார்க்கர் போடுவது இந்தப் பட்டியலில் இல்லை.

ஆனால் உங்கள் நேரக் கணக்கு தப்பு. ஒன்பதரை முதல் ஆறரை என்றால் ஒன்பது மணி நேரம். இந்த வயதினருக்கு ஓய்வையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் கூடாது. நடுவே ஒரு மணி நேரம் ஓய்வு. ஆக, உண்மையில் ஐந்து மணி நேரம். இரவு 7 முதல் காலை 8 வரை கூடவே கூடாது. ஓவர்டைம் கிடையாது. வாரம் ஒரு முழு நாள் விடுமுறை. அன்றைக்கே வேறு இடத்திலும் வேலை பார்க்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அதற்கும் தடை உண்டு. சேர்த்த முப்பது நாளுக்குள் தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். பிறந்த தேதி, வேலை நேரம், ஓய்வு நேரம், என்ன வேலை, எல்லாம் பதிவேட்டில் இருக்க வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் சான்றிதழ் நகலை வாங்கி வையுங்கள்.

கேட்_அறை:
நான் சம்பளமே கொடுக்கவில்லையே சார். சும்மா வந்து பழகுவதற்கு இத்தனை ரிஜிஸ்டரா? ஐந்து மணி நேரத்தில் கிரேடிங்கில் கால்வாசிகூடச் சொல்லித்தர முடியாது. எங்களுக்கு அவசர ஆர்டர் வருவதே மாலை ஏழுக்கு மேல்தான்.

எச்ஆர்_அக்கா:
ஏழு மணிக்கு மேல் வரும் அவசர ஆர்டரில் அந்தப் பசங்களுக்கு என்ன வேலை தம்பி? பழகத்தானே வருகிறார்கள்?

நான் ஏற்றுமதிக் கம்பெனியில் பதினோரு வருடம் இருக்கிறேன். உங்களைப் போன்ற சென்டருக்கு மார்க்கர் வேலை கொடுப்பவர்கள் நாங்கள். பையர் (எங்களிடம் சரக்கு வாங்குபவர்) ஆடிட் வரும்போது சப்ளையர் இடத்தையும் கேட்பார்கள். பதினாறு வயதுப் பிள்ளை இருப்பது மட்டும் பிரச்சினை இல்லை. எழுத்தில் ஒன்றுமே இல்லாமல் இருப்பதுதான் பிரச்சினை. இன்னொன்று: ஸ்டைல் (புது டிசைன்) வெளியே போகக் கூடாது என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவீர்கள் அல்லவா? 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி மைனர் போடும் கையெழுத்து செல்லாது. அந்தக் காலத்து உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1903இலேயே தீர்த்துவிட்ட விஷயம் இது. வரப்போகும் சீசன் ஸ்டைலை அவர்கள் திரையில் வைக்காதீர்கள், பழைய பேட்டர்ன் கொடுங்கள்.

லேபர்_டெஸ்க்:
சம்பளம் கொடுக்காததால் தப்பித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்புக்குச் சமம் என்று 1982இல் ஆசியாட் (டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி) கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. என்னிடம் ஆலோசனைக்கு வரும் கட்சிக்காரர்களிடம் நான் கேட்பது ஒரே கேள்விதான்: அந்தப் பெண் போட்ட மார்க்கருக்கு நீங்கள் பில் போடுவீர்களா? போட்டால் அது வேலை, கூலி கொடுங்கள். 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) சட்டத்தில் பெற்றோர் கையெழுத்துப் போட்டு முறையாகச் சேர்க்க வழி இருக்கிறது, ஆனால் ஒரு மாத லீவுக்கு அது ஒத்துவராது.

பள்ளி_மணி:
ஆசிரியராக ஒன்று சொல்கிறேன். கம்பெனி ஓனர் பிள்ளை லீவில் அப்பா கேபினில் உட்கார்ந்து எக்செல் பழகினால் யாரும் குழந்தைத் தொழிலாளர் என்று சொல்வதில்லை. அதையே எங்கள் பள்ளிப் பிள்ளை கேட்டால் மட்டும் உடனே ஜெயில் பேச்சு. பதினாறு வயதில், மார்க்கர் அச்சடிக்கும் ஒரு பிளாட்டரைப் பக்கத்தில் நின்று பார்க்கக்கூட இவர்களுக்கு இடமில்லையா?

பிசுறுவெட்டி:
1953இல் ராஜாஜியும் பாதி நாள் பள்ளி, மீதி நாள் வீட்டுத் தொழில் என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். குலக்கல்வி என்று பெயர் வைத்து ஊரே எதிர்த்தது. அடுத்த வருடம் காமராஜர் வந்ததும் அது போயிற்று. மறந்துவிட்டீர்களா சார்?

பள்ளி_மணி:
மறக்கவில்லை. அது அப்பன் தொழிலையே பிள்ளையும் பழகச் சொன்ன திட்டம். இந்தப் பெண்ணின் அப்பா கொத்தனாராகவோ சாயப்பட்டறையிலோ இருப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் கேட்பது கம்ப்யூட்டர். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

பிசுறுவெட்டி:
சரி, அந்த வித்தியாசம் இருக்கிறது. நானே வெளியே பிசுறு வெட்டியவன்தான், உள்ளே கம்ப்யூட்டர் அறைக்கு என்னை யார் விட்டார்கள்? ஆனாலும் என் பயம் போகவில்லை.

கேட்_அறை:
மாற்றிவிட்டேன். காலை 10 முதல் 1 வரை, ஒரு மணி நேரம் ஓய்வு, 2 முதல் 4 வரை. ஞாயிறு லீவு. பழைய பேட்டர்ன்தான். பில் போடும் வேலையைத் தொட்டால் அதற்குக் கூலி. ஆய்வாளருக்குக் கடிதம் திங்கட்கிழமை போகிறது. நான்கு மணிக்கு மேல் ஒருத்தரும் அறையில் இருக்கக் கூடாது என்று ஊழியர்களிடமும் சொல்லிவிட்டேன். அவர்கள் முணுமுணுக்கிறார்கள், டீ வாங்கி வர ஆள் கிடைத்தது என்று நினைத்திருந்தார்கள் போல.

எச்ஆர்_அக்கா:
டீ வாங்கி வரச் சொல்லவே கூடாது. அதையும் எழுதி ஒட்டுங்கள். பெண் பிள்ளை வருவதால் உங்கள் ஆபீஸில் ஒரு பெண் ஊழியராவது அந்த நேரம் முழுக்க இருக்கிறார்களா என்று பாருங்கள்.

பிசுறுவெட்டி:
கூலி கொடுத்தால் சனிக்கிழமை கையில் கொடுக்காதீர்கள் தம்பி, மாதக் கடைசியில் வங்கியில் போடுங்கள். சனிக்கிழமைக் காசுதான் என்னை இழுத்தது. ஜூனில் பள்ளி திறக்கிற அன்று காலை பதினொரு மணிக்கு உங்கள் அறையில் அந்த மூன்று நாற்காலியும் காலியாக இருக்கிற மாதிரி ஒரு போட்டோ இங்கே போடுங்கள். ஒத்துக்கொள்கிறேன்.